அலுமாரியில் உறங்கிய கமெரா

வீட்டிலிருக்கும் பழம்பொருள்கள் எல்லாம் ஒரே கதியை அடைவதில்லை. வெண்கலக் குத்துவிளக்கும் பாக்குவெட்டியும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. வானொலிப் பெட்டி பழுதானால் திருத்துவோரைத் தேடுகின்றோம். கிடைக்காவிடில் மூலையில் வைத்துவிடுகின்றோம். இவ்விரண்டு வகையிலும் சேராத பொருள் ஒன்று உண்டு. பழுதாகவும் இல்லை, பயன்படுத்துவாரும் இல்லை என்ற நிலையில் நம்மவர் வீடுகள் பலவற்றில் அஃது அலுமாரியின் அடித்தட்டில் இன்றும் கிடக்கின்றது. 2000 ஆம் ஆண்டையொட்டி வந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, கைத்தொலைபேசி வளர்ந்ததும் ஓசையின்றி ஒதுங்கிய சட்டைப்பை அளவான டிஜிட்டல் கமெராவையே குறிப்பிடுகின்றோம். எண்ணிமக் கமெரா என்று கலைச்சொல் வல்லுநர் கூறுவர்.

அதன் வீழ்ச்சி எத்துணை விரைவானது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். யப்பானியக் கமெரா உற்பத்தியாளர் சங்கத்தின் புள்ளிவிபரப்படி 2010 ஆம் ஆண்டில் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமெராக்கள் 12 கோடிக்கு மேல். அவற்றுட் பெரும்பகுதி இந்தச் சிறிய கமெராக்களே. 2023 இல் எல்லா வகைகளையும் சேர்த்தும் தொகை 80 இலட்சத்தை எட்டவில்லை.

இப்படி மறைந்த பொருளுக்குச் சில ஆண்டுகளாகத் திடீர் மவுசு ஏற்பட்டிருக்கின்றது. மேனாட்டிலும் கொரியா, யப்பான் முதலிய நாடுகளிலும் இளைஞர்கள் பழைய கமெராக்களைத் தேடித் தேடி வாங்குகின்றனர். இதனை எமக்கு முதலில் அறிவித்தவர்கள் எம் மாணவர்களே. "சேர், வீட்டில பழைய டிஜிட்டல் கமெரா கிடந்தா எறிஞ்சிராதீங்க. இப்ப அதுக்கு நல்ல கிராக்கி" என்றான் ஒருவன். எறியவில்லை, எடுத்துப் பார்த்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

எம் வீட்டில் இருந்தது கெனன் நிறுவனத்தின் பவர்ஷொட் ஏ520. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் திரும்பிச் செல்கையில் எம் தந்தையாரிடம் கொடுத்துச் சென்றார். ஒரு சவர்க்காரக் கட்டியிலும் சற்றே பெரிது. நான்கு மெகாபிக்சல் என்று முகப்பிற் பொறித்திருக்கும். அதாவது, படத்தின் அகலத்தில் 2272 புள்ளிகள், உயரத்தில் 1704 புள்ளிகள். பெருக்கினால் 38 இலட்சத்து 71 ஆயிரத்து 488. இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசியே ஐந்து கோடிப் புள்ளி என்று விளம்பரம் செய்வதை எண்ணினால் இது சிரிப்புக்கிடமானதுதான். அந்தச் சிரிப்பு நியாயமானதா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இக்கருவியின் பிறப்பைப் பற்றி மாணவர்கள் சிறிது அறிந்திருத்தல் நன்று. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் ஒரு சில்லைக் கற்பனை செய்தனர். சீ. சீ. டி. என்பது அதன் பெயர். ஒளி விழுந்த இடங்களிலெல்லாம் சிறு மின்னேற்றம் சேரும். சேர்ந்ததை வரிசைவரிசையாக நகர்த்தி ஒரு முனையில் வைத்து அளக்கலாம். ஊர்க் கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றிக் கொடுப்பதை மனத்திற் கொண்டால் இதன் தத்துவம் விளங்கிவிடும். இதற்காக அவ்விருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது 2009 இல், அதாவது நாற்பது ஆண்டுகள் கழித்து.

அச்சில்லைக் கொண்டு கையில் தூக்கத்தக்க கமெராவை 1975 இல் முதன்முதல் அமைத்தவர் கொடக் நிறுவனத்து இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன். நிறை மூன்றரைக் கிலோவுக்கு மேல். நூற்றுக்கு நூறாகப் பத்தாயிரம் புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவிற் பதிவதற்கு அதற்கு 23 செக்கன் பிடித்தது. படச்சுருள் விற்று வாழ்ந்த நிறுவனம், படச்சுருளே வேண்டாத கருவியைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்தது. பெற்ற பிள்ளையைப் பேணத் தயங்கியது. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வணிகம் பயிலும் மாணவர்கள் இதைத் தனியே படிக்கவேண்டும். எமக்கு இங்கே இடமில்லை.

உயிர்ப்பித்த கதை

பல்லாண்டு கிடந்த யந்திரத்தை எழுப்புவது எளிதன்று. முதலில் பற்றரி அறையைத் திறந்தோம். உள்ளே இரண்டு பென்டோர்ச் பற்றரிகள் இருந்தன. அவற்றின் வாயில் வெண்மையும் நீலமும் கலந்த பொருக்குப் படர்ந்திருந்தது. அல்கலைன் பற்றரி நெடுநாள் கிடந்தால் அதனுள்ளிருக்கும் காரம் கசிந்து தகட்டை அரிக்கும். காரத்தை மாற்றுவது அமிலம். ஆகவே தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, வினாகிரியில் சற்றே தோய்த்துத் துடைத்துப் பின் நன்றாக உலரவிட்டோம். தேசிக்காய்ப் புளியும் உதவும். ஆனால் அதன் பசை ஒட்டும், எறும்பும் வரும்.

சந்திக் கடையில் மலிவான பற்றரி இரண்டு வாங்கிப் போட்டதும் வில்லை முன்னே நீண்டது. நீண்ட வேகத்திலேயே பற்றரியை மாற்றும்படி அறிவித்து அணைந்தும் போயிற்று. இத்தகைய கமெரா ஒரே கணத்தில் மிகுந்த மின்னை இழுக்கும். சுவர்க்கடிகாரத்துக்கு ஓராண்டு உழைக்கும் மலிவுப் பற்றரி இதற்கு ஒரு நிமிடமும் உழைக்காது. மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் பற்றரிகளைப் போட்ட பின்னரே சீராக இயங்கிற்று. ஒருவிதத்தில் இது வயோதிபக் கமெராக்களின் பெரும் பாக்கியம். தனக்கென விசேட பற்றரி கொண்ட கமெராக்கள் அப்பற்றரி கிடைக்காமையாலேயே செத்துப்போயின. பென்டோர்ச் பற்றரி எந்தக் கடையிலும் உண்டு.

அடுத்த சங்கடம் நினைவு அட்டை. எஸ். டி. அட்டைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றே. உள்ளே அப்படியன்று. ஆரம்ப வகை இரண்டு ஜிகாபைட்டுடன் நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட வகைக்குரிய விதிகள் 2006 இல் வகுக்கப்பட்டன. 2005 இற் பிறந்த கமெரா 2006 இன் மொழியை எவ்வாறு அறியும்? இன்று கடையில் தாராளமாகக் கிடைப்பவை 32, 64 ஜிகாபைட் அட்டைகள். போட்டுப் பார்த்தோம், அட்டையில் பிழை என்று கூறித் தள்ளிவிட்டது. நகரில் மூன்று கடைகள் ஏறினோம். "ரெண்டு ஜிபியா? அது மியூசியத்திலதான் கிடைக்கும்" என்று ஓர் இளைஞர் நகைத்தார். ஈற்றில் கமெராவின் உள்ளேயே இருந்த 256 மெகாபைட் அட்டையே கைகொடுத்தது. உயர்ந்த தரத்தில் ஏறக்குறைய நூற்றிருபது படங்கள் அதிற் கொள்ளும். 36 படச்சுருளை எண்ணியெண்ணிச் செலவழித்த வீட்டிற் பிறந்தோருக்கு அது பெருஞ்செல்வம்.

இன்னொன்று. ஈரக்காற்றும் உப்பும் எம்மூருக்கு இயற்கை. அவை கமெராவுக்கு எமன். வில்லையின் உள்ளே பூஞ்சணம் படரும். சிலந்திவலை போன்ற கோடுகள் தெரியும். போதாக்குறைக்கு, அக்காலத்துச் சில்லுகள் ஒரு தொகுதியில், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப்போய்ப் படம் ஊதாநிறமாகவும் கோணலாகவும் விழும் குறை இருந்ததை 2005 இன் இறுதியில் பல உற்பத்தியாளர்கள் ஏற்று, இலவசமாகத் திருத்திக் கொடுத்தனர். எம் கமெரா அதற்குத் தப்பியது. பூஞ்சணத்துக்கும் தப்பியது. தந்தையார் அதனை அரிசி போட்ட பிஸ்கற் தகரத்தில் வைத்திருந்ததன் பயன் என்று அம்மா சொல்கின்றார். அவரோடு வாதிடுவது எம் வழக்கமன்று.

இரு கரைகளின் வெளிச்சம்

மட்டக்களப்பு வாவியைச் சார்ந்து வாழ்வோருக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தவேண்டியதில்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை. படம்பிடிப்போன் ஒருவன் ஊருக்குப் பெயரிட்டிருந்தாலும் இதனினும் சிறந்த பெயரை இட்டிருக்க முடியாது.

தை மாதத்து விடியற்காலை ஒன்றில் கல்லடிப் பாலத்தடிக்குச் சென்றோம். மாரி ஓய்ந்து வாவி நிறைந்திருந்தது. 1924 ஆம் ஆண்டில், பிரித்தானியத் தேசாதிபதி மனிங் என்பாரின் மனைவியார் பெயரால் அமைந்த இரும்புப் பாலம் ஒருபுறம். 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மறுபுறம். பாடுமீனின் இசையைக் கேட்கவென்று பூரணை இரவுகளில் தோணியேறிச் சென்றவர்களின் கதைகளையெல்லாம் இந்தப் பாலம் அறியும். அவ்விசையைப் படம் பிடிக்கும் கமெரா இன்னும் பிறக்கவில்லை.

கீழ்வானம் சிவந்ததும் கமெராவின் பின்புறத் திரையை நோக்கினோம். ஒன்றேமுக்கால் அங்குலத் திரை. வெயில் ஏறியதும் அதில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் இக்கமெராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரம் ஒன்று உண்டு. இன்றைய தொலைபேசிகளில் இல்லாத ஒன்று. அதில் கண்ணைப் பொருத்தியவுடன் உலகம் சுருங்கி, உறுதியாயிற்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் ஒரு சிறு சாளரத்தை நோக்கும்போது மனமும் அதனோடு ஒடுங்குகின்றது. கையை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே எடுப்பதில் இந்த ஒடுக்கம் இல்லை. அத்துவாரம் படத்தின் ஓரங்கள் முழுவதையும் காட்டாது என்பது உண்மை. பழகினால் கணக்குப் புரிந்துவிடும்.

பாலத்தின் கீழ் முதியவர் ஒருவர் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். வலை அவர் கையை விட்டு வட்டமாக விரியும் கணத்தைப் பிடிக்க விரும்பினோம். பொத்தானை அழுத்தினோம். படத்தில் வலை இல்லை. நீரில் வளையம் மாத்திரம் இருந்தது. பழைய கமெரா, பொத்தானை அழுத்திய பின்னரே தூரத்தை அளந்து, வெளிச்சத்தைக் கணித்து, அதன் பின்னரே படத்தை எடுக்கும். அதற்குள் வலை விழுந்துவிடும். இதற்குப் பரிகாரம் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தியபடி காத்திருக்கவேண்டும். அளவுகள் யாவும் முடிந்துவிடும். பின்னர் முழுதும் அழுத்தினால் தாமதம் வெகு சொற்பம். எனவே முதியவரின் தோளையும் இடுப்பையும் கவனித்து, வலை எப்போது புறப்படும் என்று முன்கூட்டியே ஊகிக்கக் கற்றோம். ஏழாவது வீச்சில் படம் வாய்த்தது. முதியவர் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன தம்பி, மீன் வரமுதல் படம் வருதா?" என்றார். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்தன.

வெயில் ஏறி நீரில் பட்டுத் தெறித்தபோது திரையில் ஒரு விந்தை கண்டோம். ஒளி பட்டுத் தெறித்த இடத்திலிருந்து மேலும் கீழும் செங்குத்தாக ஒரு வெண்கோடு ஓடியது. கமெரா பழுதென்று எவரும் அஞ்சவேண்டாம். முன்னர் கூறிய குடங்களை நினைவு கொள்ளுங்கள். குடம் கைமாறிச் செல்லும்போதே மேலிருந்து மழை கொட்டினால், அவ்வரிசையிலுள்ள குடங்களிலெல்லாம் வேண்டாத நீர் சேருமல்லவா? அதுவே இந்தக் கோடு. படம் எடுக்கும்போது மூடி ஒன்று வந்து வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் எடுத்த படத்தில் கோடு விழுவதில்லை. இன்றைய கைத்தொலைபேசிகளிலுள்ள சீமொஸ் சில்லில் ஒவ்வொரு புள்ளியும் தன் குடத்தைத் தானே அளந்து கொள்வதால் இக்கோடு தோன்றாது.

மாலையில் மாணவர் இருவர் உடன்வந்தனர். படுவான்கரைப் பக்கம் ஞாயிறு சாய்கையில், தோணியொன்று எமக்கும் ஞாயிற்றுக்கும் இடையே வந்தது. நாம் கமெராவில் எடுத்தோம். ஒருவன் தொலைபேசியில் எடுத்தான். இரண்டையும் ஒப்பிட்டோம். தொலைபேசிப் படத்தில் வானத்தின் செம்மையும் தெரிந்தது, தோணிக்காரரின் சட்டைக் கட்டமும் தெரிந்தது, அவர் காலடியில் கிடந்த இறால் கூடையும் தெரிந்தது. எம் படத்தில் தோணிக்காரர் கரிய உருவம். வானத்தில் ஞாயிற்றைச் சுற்றி வெறும் வெண்மை. மாணவன் பணிவோடு ஒன்றும் கூறவில்லை.

தொலைபேசி எடுத்தது ஒரு படமன்று, பல படங்கள். கண்ணிமைப்பதற்குள் இருளாகச் சில, ஒளியாகச் சில என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்ல பகுதியைத் தெரிந்து கோத்து, இரைச்சலைத் துடைத்து, நிறத்தைக் கூட்டி நமக்குத் தருகின்றது. பழைய கமெரா தந்தது ஒரே கணம், ஒரே திறப்பு. எது உண்மை என்று கேட்டால், நம் கண் கண்டது இரண்டுக்கும் இடையில் எங்கோ இருந்தது என்றே சொல்லவேண்டும். எனினும் அந்த வேளையில் எம் கண்ணுக்குத் தோணிக்காரரின் சட்டைக் கட்டம் தெரியவில்லை என்பதை உறுதியாகக் கூறுவோம்.

இதற்காகப் பழைய கமெராவே சிறந்தது என்று வாதாடும் கூட்டத்தில் நாம் சேரப்போவதில்லை. இரவில் அதன் நிலை பரிதாபம். நுண்ணுணர்வை அதன் உச்சமான 400 க்கு ஏற்றினால் படமெங்கும் குரக்கன் மா தூவியது போலப் புள்ளிகள் நிறைகின்றன. பழைய சீ. சீ. டி. சில்லுக்கெனத் தனி நிறவழகு உண்டு என்று இக்காலத்து அபிமானிகள் சொல்வதையும் நாம் முழுதும் ஏற்கவில்லை. சில்லு நிறத்தை அறியாது. ஒளியின் அளவையே அறியும். நிறத்தைப் பிரிப்பது அதன் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். அவ்வரிசையைக் கொடக் நிறுவனத்து பிரைஸ் பேயர் வகுத்து 1976 இற் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்த எண்களை நிறமாக்குவது உற்பத்தியாளர் எழுதிய கணக்கு. ஆக, அக்கால நிறம் என்பது அக்காலத்துப் பொறியியலாளரின் ருசி. ருசி பிடித்திருந்தால் தாராளமாக இரசிக்கலாம். அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவது விவேகமன்று. மாமா வீட்டு அலுமாரியில் கேட்டுப் பார்ப்பது விவேகம்.

அட்டையில் இருந்தவை

இத்தனைக்கும் முன்னர் நிகழ்ந்த ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். 256 மெகாபைட் அட்டை கமெராவின் உள்ளேயே இருந்தது என்றோமல்லவா? அதைச் சோதனைக்குப் பயன்படுத்துமுன் அதில் என்ன இருக்கின்றதென்று பார்த்தோம். நாற்பத்து மூன்று படங்கள் இருந்தன.

அநேகமானவை கோழி, முற்றம், மங்கிய விரல் ஆகியவை. புதுக் கமெரா கையில் வந்தவர் எடுக்கும் படங்கள். அவற்றின் நடுவே ஒன்று: மண்முனைத்துறை. வாவியைக் கடக்கும் பாதையின் தட்டில் எம் தந்தையார் வெற்றிலைப் பையை மடியிற் செருகியபடி நிற்கின்றார். அருகே எம் தமக்கையின் மகள், முன்பற்கள் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கின்றாள். சைக்கிள்கள் நாலைந்து, வாழைக்குலை ஒன்று, பின்னால் கரையில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போன நாள் என்று அம்மா படத்தைக் கண்டவுடனேயே சொல்லிவிட்டார். தந்தையார் 2011 இற் காலமானார். பாதையும் இன்றில்லை; 2014 இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு அதன் தொழில் முடிந்தது. பாலத்தில் இப்போது இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகின்றோம். வாழைக்குலைக்காரருடன் பேச நேரமிருப்பதில்லை.

படம் எடுத்த தேதி படத்தோடு சேர்ந்தே பதிவாகும் என்பது டிஜிட்டல் கமெராவின் பெருமைகளுள் ஒன்று. அதனைப் பார்த்தோம். 2005 ஜனவரி 1 என்றிருந்தது. நாற்பத்து மூன்று படங்களுக்கும் அதே தேதி.

மட்டக்களப்பைச் சேர்ந்த எவருக்கும் இத்தேதியை விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இற் கடல் அடித்தது. நாவலடியும் டச்பாரும் கல்லடித் திருச்செந்தூரும் இருந்த கோலத்தை நாம் கண்டோம். ஜனவரி முதலாந் தேதி அதற்குப் பின் ஆறாம் நாள். அன்று பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் சனம் ஒதுங்கிக் கிடந்தது. பிணங்களைத் தேடுவோர் தேடிக்கொண்டிருந்தனர். அன்றைய தினத்தில் ஒரு குடும்பம் வாழைக்குலையும் சிரிப்புமாகத் தேருக்குப் போயிற்று என்று இந்த யந்திரம் சத்தியம் செய்கின்றது. காரணம் எளிது. தேதியை நினைவில் வைத்திருக்கும் பொத்தான் பற்றரி செத்துவிட்டால் கமெரா தன் ஆண்டின் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். யாராவது திருத்தும்வரை அதே நாளில் நிற்கும். ஆனால் ஐம்பது ஆண்டுகளின் பின் ஓர் ஆராய்ச்சியாளர் இப்படத்தைக் கண்டால் எந்த முடிவுக்கு வருவார்?

எனவே தேதியை நாமே கணித்தோம். பற்கள் விழுந்த வாயைக் கொண்டு மருமகளுக்கு ஆறு அல்லது ஏழு வயது. அவள் பிறந்தது 2002. காவலரண் இன்னும் நின்றது. தந்தையாரின் கையில் 2008 இற் செய்வித்த கண்ணாடிக் கூடு. 2009 என்றே துணியவேண்டியிருக்கின்றது.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒன்று கூறவேண்டும். எம் பகுதிக் குடும்பங்களிற் பலவற்றுக்குப் பழைய படங்களே இல்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியிற் கூரையோடு போனவை சில. 1990 இல் ஊரைவிட்டு ஓடுகையில் விட்டுச் சென்றவை பல. எஞ்சியவற்றைக் கடல் கொண்டது. சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தின் சட்டம் மாத்திரம் கிடைத்த வீடுகளை நாம் அறிவோம். இவற்றின் பின்னர் வந்ததே சிறிய டிஜிட்டல் கமெரா. போர் முடிவதற்கு முன்னும் பின்னுமான அந்தச் சில ஆண்டுகளை நம் வீட்டார் தாமே படமெடுத்தது அதனால்தான். சோதனைச்சாவடிகள், பாதைகள், தற்காலிகக் கொட்டில்கள், புதிதாகக் கட்டிய வீடுகளின் குடிபுகுதல் எல்லாம் அவற்றிலேதான் இருக்கும். அவற்றை எவரும் அச்சிடவில்லை. அட்டையிலும் இறுவட்டிலும் பழைய கணினியிலும் கிடக்கின்றன.

அவை அங்கே என்றென்றும் கிடக்கா. நினைவு அட்டையில் படம் என்பது மிக நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்த மின்னேற்றம். ஓட்டைக் குடத்து நீர்போல அது மெல்ல மெல்லக் கசியக்கூடும். எப்போது என்று எவரும் நாள் குறிக்க இயலாது. எழுதும் இறுவட்டின் சாயமோ வெப்பத்தில் மங்கும். எம் அட்டையிலும் இரண்டு படங்கள் பாதியோடு சாம்பல் நிறமாய் நின்றுவிட்டன. ஆதலால் வீட்டில் பழைய கமெரா கிடந்தால், முதலிற் பற்றரியைக் கழற்றுங்கள். அட்டையைக் கமெராவில் இட்டு விளையாடுமுன், அட்டை வாசிப்பான் ஒன்றினால் படங்களை வேறிடத்துக்குப் பிரதி செய்யுங்கள், ஓரிடத்திலன்றி ஈரிடத்தில். அட்டையைச் சுத்தம் செய்யவேண்டுமா என்று கமெரா கேட்டால் மறுத்துவிடுங்கள். பிறகு, படத்தில் உள்ளோரின் பெயரை அறிந்த முதியவர் உயிரோடு இருக்கையிலேயே அவரருகில் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு விடுமுறையில் இதனினும் நல்ல வேலை எமக்குத் தெரியவில்லை. 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் படங்களையும் பேணுகின்றது. பொதுப் பயனுள்ள படங்களைத் தர விரும்புவோர் அதனை அணுகலாம்.

நான்கு மெகாபிக்சல் போதுமா என்ற கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட்டால் ஏழரை அங்குல அகலப் படம் தாராளமாகக் கிடைக்கும். வீட்டுச் சுவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பாதைப் படத்தை நகரத்து ஸ்ரூடியோ ஒன்றிற் கொடுத்தோம். ஆறுக்கு நாலு அளவில் அச்சிட்டால் மேலும் கீழுமாக உயரத்தில் ஒன்பதிலொரு பங்கு வெட்டுப்படும். தந்தையாரின் பாதங்கள் போய்விடும். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப்படத்தையும் அச்சிடச் சொன்னோம். ஸ்ரூடியோத் தம்பி திரையில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, "இது எந்த இடம், சேர்?" என்று கேட்டார். ஆரையம்பதியில் வசிப்பவர் அவர். நாளாந்தம் அந்தப் பாலத்தால் போகின்றவர்.

அச்சான படத்தை அம்மா வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பின்னர் அதனைத் திருப்பி, பின்புறத்தில் பென்சிலால் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினோம்: "மண்முனைத்துறைப் பாதையில், கொக்கட்டிச்சோலைத் தேர் நாள். 2009 ஆக இருக்கலாம்."